வாரேன் என்று ஒரு பொத்தான்

1

போன செவ்வாய்க்கிழமை காலை, ஜெகநாதண்ணனின் இளைய மகள் கல்யாண அழைப்பு என் கம்ப்யூட்டருக்கு வந்தது. பார்த்த கையோடு ‘அக்செப்ட்’ பொத்தானைத் தட்டிவிட்டுப் பல் விளக்கப் போனேன். திரும்பி வந்தால் என் மகள் நிம்மி திரைக்கு முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். பதினான்கு வயது. தமிழில் கேட்டால் டச்சில் பதில் சொல்கிற வயது. ஆனால் இதை மட்டும் தமிழிலேயே கேட்டாள்.

“அப்பா, இது மதுர வாரேனா, இந்த ஊர் வாரேனா?”

முகம் துடைக்கிற சாக்கில் துண்டுக்குள் கொஞ்ச நேரம் ஒளிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் இது பழைய கேலி. ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் ஜெகநாதண்ணனின் மூத்த மகள் கல்யாணத்தில் பிறந்தது. வெளியே சொன்னால் மானம் போகும் என்று இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். பெற்ற மகளிடமே மானம் போய்விட்ட பிறகு இணைய இதழ் வாசகர்களிடம் என்ன வெட்கம்? சொல்லிவிடுகிறேன்.

2

நான் நெதர்லாந்தில் ஒரு பம்ப் கம்பெனியில் மின்னஞ்சல் சர்வர் பார்க்கிறவன். தண்ணீர் இறைக்கிற பம்ப். இந்த நாட்டில் பாதி கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது, இறைக்காவிட்டால் ஆட்கள் முங்கிவிடுவார்கள். வைகைக்கரையில் பிறந்து தண்ணீரைக் கண்ணால் பார்க்காமல் வளர்ந்தவனுக்கு ஆண்டவர் எங்கே வேலை போட்டுக் கொடுத்தார் பாருங்கள்.

இதே கம்பெனிக்கு மதுரையில் ஒரு கிளை உண்டு. சிம்மக்கல்லில், மொத்த விலைப் பாத்திரக் கடைக்கு மேல் மாடி. கீழே எவர்சில்வர் குடம் உருளும் சத்தம், மேலே பம்ப்புக்குப் படம் வரைகிற வேலை. கிளை மேலாளர் ஜெகநாதண்ணன். சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டில் அவர்கள் பாஷை, ஆபீசில் நம் பாஷை, கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். முதல் வேலையை எனக்குக் கொடுத்தவர் அவர்தான். அந்தக் கிளைக்கு முதல் மின்னஞ்சல் சர்வரை வைத்தவன் நான்.

வைத்தேன் என்றால், வைத்ததோடு சரி. ஆயுத பூஜைக்குப் பெட்டிக்குச் சந்தனம் பூசினார்கள், பிளாப்பி போடுகிற வாயில் கொஞ்சம் உள்ளே போய்விட்டது. மோடம் ஒரு நாளைக்கு மூன்று தடவை கீச்கீச்சென்று கத்தி வெளிநாட்டு மெயிலைக் கொண்டுவந்து கொட்டும். அதன் பிறகு நடப்பதுதான் விசேஷம். டைப்பிஸ்ட் ஸ்டெல்லாக்கா ஒவ்வொரு மெயிலையும் ஒரு தாளில் அச்சடித்து, இடது ஓரத்தில் துளை போட்டு, ஃபைலில் கோத்து அண்ணன் மேசையில் வைப்பார். அண்ணன் படித்து, அடியில் பென்சிலால் பதில் எழுதுவார். ஸ்டெல்லாக்கா அதை டைப் அடித்து அனுப்புவார். திரையில் படித்தால் மனதில் நிற்காதாம்.

“அப்பறம் எதுக்குண்ணே சர்வரு?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“தபால்காரன் மாடி ஏற வேணாம்லப்பா” என்றார்.

பிறகு தலைமை அலுவலகம் என்னை இங்கே கூப்பிட்டுக்கொண்டது. இரண்டு ஊர்ச் சர்வரையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும், ஒரே முகவரிப் புத்தகம், எல்லோருக்கும் பொதுவாக ஒரு காலண்டர். மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்து இறங்கினேன்.

3

வந்த புதிதில் ஒரு சின்னக் குழப்பம். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது, எனக்குத் தெரிந்த அரைகுறை டச்சில், எல்லோரையும் பார்த்து “நான் வருகிறேன்” என்று சொல்லிவிட்டுப் போவேன். நம் ஊரில் போகிறவன் போகிறேன் என்று சொன்னால் விளங்குமா? ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, நான் அப்படிச் சொல்லிவிட்டுப் போகும்போதெல்லாம் பக்கத்து மேசைக்காரர் எனக்காக லிஃப்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். நானோ படியில் இறங்கிப் போய்விடுவேன். நல்ல மனிதர், ஒரு வாரம் நின்றிருக்கிறார்.

இந்த ஊரில் சொன்னால் சொன்னதுதான். என் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க். பேரையூர்ப் பக்கம் கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது, பட்டா மாற்றத்துக்காகத் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தார். ஒரு நாள்கூட அங்கே யாரும் அவரிடம் முடியாது என்று சொன்னதில்லை. “பாப்போம் சார்”, “ஆயிரும் சார்”, “அடுத்த வாரம் வாங்க சார்”. அப்பா நம்பிக்கையோடுதான் கடைசி வரைக்கும் இருந்தார். இங்கே குடியேற்ற அலுவலகத்தில் என் அனுமதியைப் புதுப்பிக்கப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டாள். நடுவில் ஊருக்குப் போய்வரலாமா என்று கேட்டேன். “இல்லை” என்றாள். காரணம், வருத்தம், ஒரு இருமல், எதுவும் கிடையாது. வெறும் இல்லை. அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

4

பாஸ்போர்ட் அங்கே மாட்டிக்கொண்டிருந்த சமயத்தில்தான் அண்ணனின் மூத்த மகள் லலிதாவுக்குத் தை மாதம் கல்யாணம் குறித்தார்கள். அண்ணன் போன் பண்ணினார்.

“தம்பி, ஊருக்குள்ள வீடு வீடா நானும் உங்க சரோஜாக்காவும் தட்டோட போயி கூப்புட்டாச்சு. உங்க ஆபீஸ்காரங்களக் கூப்புடாம விட்டா நல்லாவா இருக்கும்? சோறு போடுற ஆபீசு. அம்புட்டுத் தூரம் தட்டத் தூக்கிட்டு வர முடியாது. உன் சர்வர்ல ஏதாச்சும் வழி இருக்கா?”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஐந்து வருட இழுபறிக்குப் பிறகு பொதுக் காலண்டரைத் திறந்துவிட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நாள், நேரம், இடம் போட்டு, ‘எல்லோருக்கும்’ என்ற முகவரியைக் கொடுத்து ஒரு தட்டு தட்டினால் போதும், இரண்டு ஊரிலும் அத்தனை பேருக்கும் போய்விடும் என்றேன்.

“பதில் வருமா?”

“தானா வரும்ணே.”

இந்த ஒரு வார்த்தைக்காக என்னை நானே எத்தனை தடவை திட்டியிருப்பேன் என்று கணக்கில்லை.

அழைப்பில் இரண்டு வகை உண்டு. ‘அவசியம் வர வேண்டியவர்’, ‘விரும்பினால் வரலாம்’. தலைமை அலுவலகத்தாரை இரண்டாவதில் போடச் சொன்னேன். அண்ணன் மறுத்துவிட்டார். “விருப்பம் இருந்தா வாங்கன்னு பத்திரிகையில எவனாச்சும் போடுவானா?” நியாயம்தான். ஆக, இயக்குநரிலிருந்து காவலாளி வரை, வில்லாபுரம் கல்யாண மண்டபத்தில், ஞாயிறு காலை ஆறு மணிக்கு, அவசியம் வர வேண்டியவர் ஆனார்கள். நான்தான் முதல் ஆளாக அக்செப்ட் போட்டேன். என் பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று அண்ணனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்காக வரமாட்டேன் என்றா சொல்வது?

டச்சுக்காரர்கள் சொன்னார்கள். சர்வர் நேரத்தைத் தானாக மாற்றியதில் இங்கே முகூர்த்தம் நடுநிசி ஒன்றரை மணி என்று காட்டியிருக்கிறது. அநேகமாக எல்லோரும் ‘டிக்ளைன்’, அதாவது வரமாட்டேன். பலர் பொறுப்பாகக் காரணமும் எழுதியிருந்தார்கள். “அந்த நேரம் தூங்கிக்கொண்டிருப்பேன்.” “காலையில் நாயை நடக்கவிட வேண்டும்.” “இந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது.” வரவேற்பறைப் பெண், வில்லாபுரம் மண்டபம் என்ற பெயரில் நம் கட்டடத்தில் கூட்ட அறை இல்லை என்று தெரிவித்திருந்தாள். இவற்றுக்கெல்லாம் சிகரம் வைத்தவர் எங்கள் மேலதிகாரி ஹெங்க். அவர் டிக்ளைன்கூடப் போடவில்லை. ‘வேறு நேரம் பரிந்துரை’ என்று ஒரு வசதி உண்டு, அதைத் தட்டியிருந்தார். கல்யாணத்தை மறு செவ்வாய்க்கிழமைக்கு மாற்ற முடியுமா என்று. அவருக்குக் காலை பத்தரை. நமக்குப் பிற்பகல் மூன்று. செவ்வாய், மூன்று மணி, சுத்தமான ராகுகாலம்.

இவை அண்ணனின் கம்ப்யூட்டரிலேயே கிடந்திருந்தால் ஒன்றும் இல்லை. அவர் கல்யாண லீவில் இருந்தார். ஸ்டெல்லாக்கா கடமை தவறாமல் ஒவ்வொன்றையும் ஒரு தாளில் அச்சடித்து, துளை போட்டு, ஃபைலில் கோத்து, ஆட்டோ பிடித்து வீட்டுக்கே கொண்டுபோய் அண்ணனின் மனைவி சரோஜாக்கா கையில் கொடுத்துவிட்டார். தலைப்பில் கொட்டை எழுத்தில், ‘டிக்ளைன்ட்: என் மகள் லலிதாவின் திருமணம்’. தாள் தாளாக.

5

அண்ணனின் போன் வந்தபோது பின்னால் சரோஜாக்காவின் குரல் அவர்கள் பாஷையில் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு ஒரு வார்த்தை புரியாது. அழுகை மட்டும் புரிந்தது.

“என்னப்பா தம்பி இது. ஒருத்தராச்சும் வாரேன்னு சொல்லக் கூடாதா?”

“அவங்களால வர முடியாதுண்ணே, அதான்.”

“முடியாதுன்னு எனக்குத் தெரியாதா? எவன் வரச் சொன்னான்? வர வேணாம்ப்பா. வாரேன்னு சொல்லச் சொல்லுறேன். ரெண்டும் ஒண்ணா?”

விஷயம் இதுதான். மறு நாளைக்கு மறு நாள் காலை வீட்டு வாசலில் முகூர்த்தக்கால் ஊன்ற வேண்டும். மாப்பிள்ளை வீட்டிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். கல்யாண வீட்டுக்குள் இத்தனை ‘மாட்டேன்’ வந்து விழுந்து கிடக்கும்போது கால் ஊன்றவிட மாட்டேன் என்று சரோஜாக்கா உட்கார்ந்துவிட்டார். சொன்னவர்கள் வாயாலேயே மாற்றிச் சொல்ல வேண்டும். லலிதா ஒரு மூலையில் அழுதுகொண்டிருக்கிறது. கால் ஊன்றாமல் நின்றால் சம்பந்தி வீட்டுக்கு என்ன பதில் சொல்வது?

“நாளைக்குச் சாயங்காலம் ஸ்டெல்லா ஆபீஸ் பூட்டுறதுக்குள்ள வாரேன் அம்புட்டும் வந்துரணும். தம்பி, இன்னொண்ணு. நீயே உள்ள பூந்து மாத்திப்புடலாம்னு நெனைக்காத. உனக்கு அது முடியும். ஆனா அவங்க கைப்பட வரணும். சரோஜாகிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன்.”

சரோஜாக்காவிடம் பொய் சொல்ல மாட்டார். அறுபது டச்சுக்காரர்களை மட்டும் பொய் சொல்ல வைக்க வேண்டும். என் விரல் ஏற்கெனவே சர்வரின் கடவுச்சொல்லில் பாதியைத் தட்டியிருந்தது, பயந்துபோய் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மேசை மேசையாகப் போனேன். மதுரைச் சாயங்காலம் இங்கே மதியம். முதலில் ஹெங்க்.

“நான் போகப்போவதில்லையே” என்றார்.

“தெரியும்.”

“அது ஜெகநாதனுக்குத் தெரியுமா?”

“நன்றாகத் தெரியும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “வரமாட்டேன் என்று தெரிந்தவரிடம் வருகிறேன் என்று சொல்ல வேண்டும். அவர் நம்பமாட்டார். ஆனால் சந்தோஷப்படுவார்.”

“சரியாகப் புரிந்துகொண்டீர்கள்.”

“இதற்குத் தனியாக ஒரு பொத்தான் வேண்டும். சர்வரில் சேர்க்க எத்தனை நாள் ஆகும்?”

எங்கள் ஊரில் அக்செப்ட் என்பதே அந்தப் பொத்தான்தான் என்றேன். உங்கள் வீட்டு நல்ல காரியம் நன்றாக நடக்கட்டும் என்பதை நாங்கள் வாரேன் என்று சொல்வோம். வரமாட்டேன் என்றால் நடக்க வேண்டாம் என்று அர்த்தம். மூன்று நாளாக அந்தப் பெண்ணின் அம்மா சாப்பிடவில்லை என்று கூடவே ஒரு பிட்டைப் போட்டேன். மூன்று நாள் என்பது என் கைச்சரக்கு. ஹெங்க் முகம் மாறிவிட்டது. தட்டினார்.

அதன் பிறகு வேலை கொஞ்சம் சுலபமானது, ஆனாலும் ஒவ்வொருவருக்கும் ஒரு சந்தேகம். சாப்பிடாத சாப்பாட்டுக்குப் பின்னால் பில் வருமா என்று ஒருவர். நாய்க்காரர் நாய்க்கும் சேர்த்தா என்றார். ஒருத்தர் அக்செப்ட் போட்டுவிட்டு, கீழே “உண்மையில் வரவில்லை” என்று விளக்கம் எழுத ஆரம்பித்தார், கையைப் பிடித்து நிறுத்தினேன். அன்று நான் கும்பிட்ட கும்பிடுக்கு வேளாங்கண்ணிக்கே நடந்து போயிருக்கலாம்.

கடைசியாகக் கணக்குப் பிரிவு மார்க்ரீத் அம்மா. ஓய்வுபெறப் போகிற வயது, தனி ஆள், தினமும் மதியம் அதே ரொட்டி, அதே சீஸ். அவர் டிக்ளைனும் போடவில்லை, அக்செப்ட்டும் போடவில்லை.

“யோசித்துக்கொண்டிருக்கிறேன்” என்றார்.

“இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சும்மா தட்டுங்கள்.”

“செய்யாததைச் செய்வதாக நான் எழுத மாட்டேன். என் வேலை கணக்கு.”

எவ்வளவு சொல்லியும் மசியவில்லை. சரி, இந்த அம்மா பேரில் மறுப்புத் தாளும் இல்லையே, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மனதுக்குள் கல்நெஞ்சுக்காரி என்று ஒரு திட்டும் திட்டினேன்.

அன்று சாயங்காலம் ஸ்டெல்லாக்கா வழக்கம்போல் எல்லாவற்றையும் அச்சடித்துக் கொண்டுபோனார். சரோஜாக்கா வாரேன் தாள்களின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிச் சாமி படத்துக்குக் கீழே வைத்தாராம். மாட்டேன் தாள்கள் மறுநாள் வெந்நீர் அடுப்புக்குப் போயின. முகூர்த்தக்கால் ஊன்றியாயிற்று என்று அண்ணன் போனில் சொன்னபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சர்வர் வேலையில் அதற்கு முன்னும் பின்னும் எனக்கு அப்படி வந்ததில்லை.

6

கல்யாண ஞாயிறு. நம் ஊரில் பந்தி நடக்கிற நேரம், இங்கே பொழுது விடிந்துகொண்டிருந்தது. அண்ணன் மண்டபத்திலிருந்து கூப்பிட்டார். ஒரே மேளச் சத்தம்.

“தம்பி, வாரேன்னு சொல்லாத ஒரு அம்மா வந்துருக்கு.”

“எந்த அம்மாண்ணே?”

“உங்க கணக்கு அம்மாப்பா. வில்லாபுரத்துல ஆட்டோக்காரன் அரை மணி நேரம் சுத்த விட்டுருக்கான். கையில ஒரு பெரிய பாலாடைக் கட்டி, சக்கரமாட்டம். வெயில்ல பாதி உருகிப்போச்சு. பந்தியில உக்காந்து கரண்டி கேக்குது. சரோஜா பக்கத்துல உக்காந்து ஊட்டாத கொறையா சாப்புட வைக்கிறா.”

அந்த அம்மா லீவு எழுதிக் கொடுத்தது எனக்குத் தெரியும். எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை.

“சரி, நீ எங்க இருக்க?” என்றார் அண்ணன். “முத ஆளா வாரேன்னு போட்டியே. கெளம்பிட்டியா?”

“கெளம்பிட்டேண்ணே. வந்துக்கிட்டே இருக்கேன்.”

“வா, வா. எல போட்டு வச்சுருக்கேன்.”

இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் இரண்டு பேருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு அந்த இலையில் உட்கார வேண்டும்போல் இருந்தது, வேறு ஒன்றும் இல்லை.

நிம்மிக்கு அப்போது ஆறு வயது. என் காலைக் கட்டிக்கொண்டு நின்றவள், “அப்பா, வந்துக்கிட்டு இருக்கியா? இங்கதான இருக்க?” என்று கேட்டாள். அன்று பிடித்தது சனி. மார்க்ரீத் அம்மா திரும்பி வந்து லலிதா கொடுத்த கண்ணாடி வளையல்களை நிம்மியிடம் கொடுத்தார், முழுக் கதையையும் சொன்னார். அதிலிருந்து எங்கள் வீட்டில் வாரேன் இரண்டு வகை. பள்ளிக்கூடத்து விழா, நீச்சல் போட்டி, எதற்கு வாரேன் என்று சொன்னாலும் எந்த ஊர் வாரேன் என்று விசாரணை நடக்கும்.

7

சரி, போன செவ்வாய்க்கு வருவோம். துண்டை எடுத்துவிட்டு, “மதுர வாரேன்தாம்மா” என்று ஒத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஊர்ப்பக்கம் இரண்டு தடவை போயிருக்கிறேன். ஆனால் அக்செப்ட் போட்ட கல்யாணம் எதற்கும் போனதில்லை.

“எனக்கும் வந்துச்சு” என்றாள். அண்ணன் அவளுக்குத் தனியாக ஒரு அழைப்பு அனுப்பியிருக்கிறார். அவசியம் வர வேண்டியவர். “நான் அக்செப்ட் போட்டேன். நான் போட்டது இந்த ஊர் அக்செப்ட்.”

“நீ எப்படிம்மா தனியா போவ?”

“அதான் கேக்குறேன். நீ எந்த ஊர்?”

ஊருக்குக் கூப்பிட்டால் மூஞ்சியைத் தூக்கிக்கொள்கிற பிள்ளை. சர்ச்சில் தமிழ்ப் பாட்டுக்கு வாய் திறக்காத பிள்ளை. தமிழ்ப் பிள்ளையாக வளர்க்கவில்லையே என்று நானும் என் மனைவியும் ராத்திரி சாப்பாட்டில் புலம்பாத நாளில்லை. அந்தப் பிள்ளை சுத்த டச்சுக்காரியாக வளர்ந்து, சொன்னால் செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக நின்று, என்னை மதுரைக்கு இழுக்கிறது. டிக்கெட் போட்டாயிற்று. அவள் கையில் இருப்பது டச்சு பாஸ்போர்ட், இந்தியா போக விசா வேண்டும். விண்ணப்பத்தில் பயண நோக்கம் என்ற கட்டத்தில் அவள் டச்சில் எழுதியதை நான்தான் மாற்றி எழுதினேன். ‘வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்’ என்று எழுதியிருந்தாள்.

நேற்று அண்ணனைக் கூப்பிட்டேன்.

“அண்ணே, கல்யாணத்துக்கு வாரேன்.”

“வா தம்பி, வா. நீ வராமயா?”

“இல்லண்ணே, நெசமாவே வாரேன். டிக்கெட் எடுத்துட்டேன்.”

“அதான் சொல்லுறேன்ல, வா. எல போட்டு வைக்கிறேன்.” போன தடவை சொன்ன அதே குரல். அதே பிரியம். ஒரு துளி நம்பிக்கை இல்லை. விமான எண்ணைச் சொன்னேன், “ரொம்ப சந்தோசம்” என்றார். இவ்வளவு வருடம் வாரேன் வாரேன் என்று சொல்லி, இப்போது உண்மையில் போவதைச் சொல்ல என்னிடம் சொல் இல்லாமல் போய்விட்டது.

கடைசியில் மார்க்ரீத் அம்மாவின் வழிதான் என்று முடிவு செய்தேன். போட்ட அக்செப்ட்டை சர்வருக்குள் புகுந்து அழித்துவிட்டேன். நிம்மியுடையதையும், அவள் அனுமதியோடுதான். இப்போது எங்கள் இரண்டு பேருக்கும் நேராக ‘பதில் இல்லை’ என்று இருக்கிறது. பந்தியில் போய் நிற்கும்போது அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு பயம். அண்ணன் இந்த இதழையெல்லாம் திரையில் படிக்கிறவர் இல்லை. ஆனால் ஸ்டெல்லாக்கா ஒன்று விடாமல் படிக்கிறவர். அக்கா, உங்களுக்குப் புண்ணியமாய்ப் போகும், இதை மட்டும் அச்சடித்து ஃபைலில் கோத்துவிடாதீர்கள்.